பழைய வண்டிக்குக் கடிதம் வந்தால்...



நம் வீட்டுக்கு வரும் கடிதங்களில் இரண்டு வகையை நாம் பிரித்துப் பார்க்காமலே ஒதுக்கி வைத்துவிடுகிறோம். ஒன்று வங்கியிலிருந்து வருவது. மற்றொன்று கார் நிறுவனத்திலிருந்து வருவது. முதலாவது கடனை நினைவூட்டும் என்ற பயம். இரண்டாவது ஏதோ விற்பதற்காக வந்த விளம்பரம் என்ற எண்ணம். ஆனால் அந்த இரண்டாவது வகைக் கடிதத்தில் சில வேளைகளில் குடும்பத்தின் உயிரே அடங்கியிருக்கும். இம்மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பிக்கப் வண்டி ஓடாத தோட்டப்புறம் இன்று அரிது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கி விடுவதும் அதுதான். செம்பனைக் குலையை எடை போடும் இடத்துக்குக் கொண்டு போவதும் அதுதான். மாலையில் கீரைக்கட்டும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு இரவுச் சந்தைக்குப் போவதும் அதுதான். கோயில் திருவிழா என்றாலும், அடுத்த லயத்தில் ஒரு சாவு என்றாலும், நாற்காலியும் பந்தல் சாமானும் ஏற்றிவர அந்த ஒரே வண்டியைத்தான் தேடுகிறோம். புது வண்டி வாங்க வசதி உள்ளவர்கள் சிலர்தாம். மற்றவர்கள் பத்து, பதினைந்து வருடம் ஓடிய வண்டியைக் கைமாற்றி வாங்குகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்படி வாங்கும்போது வண்டியோடு சேர்ந்து வராத ஒன்று உண்டு. அதுதான் அந்தக் கடிதம்.

திரும்ப அழைப்பு என்றால் என்ன?

'ரீகால்' என்று சொல்கிறார்களே, அதைத் 'திரும்ப அழைப்பு' எனலாம். ஒரு வீட்டில் அம்மா பலகாரம் சுட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்புகிறார். பிறகு பார்த்தால் மாவில் ஏதோ விழுந்திருக்கிறது. என்ன செய்வார்? "சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா" என்று பிள்ளையை ஓடவிடுவார் அல்லவா? வண்டி நிறுவனம் செய்வதும் அதுவேதான். வண்டியை விற்ற பிறகு, அதன் ஒரு பாகத்தில் ஆபத்தான குறை இருப்பது தெரிய வருகிறது. உடனே, அந்த வரிசையில் செய்யப்பட்ட வண்டிகளையெல்லாம் கொண்டு வரச் சொல்லி, அந்தப் பாகத்தைத் தன் செலவிலேயே சரிசெய்து தருகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குறை உங்களுடையது அன்று. நீங்கள் வண்டியை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. வண்டியைப் பிடுங்கிக் கொள்வதற்காகவும் அழைக்கவில்லை. ஆகவே அந்தக் கடிதத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

அலட்சியத்தின் விலையை இந்த நாடு ஏற்கனவே பார்த்திருக்கிறது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப் பைகள், மோதலின்போது வெடித்துச் சிதறி உலோகத் துண்டுகளை வீசக் கூடியவை என்று தெரிய வந்தது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் நடந்த ஒரு விபத்தில், அப்படிப் பாய்ந்த துண்டினால் கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்காவுக்கு வெளியே அந்தக் குறையால் நேர்ந்த முதல் மரணம் அது. அவர் ஓட்டியது 2003-ஆம் ஆண்டு வண்டி. பதினோரு வயது ஆன வண்டி. வண்டிக்கு வயதானால் அதிலுள்ள குறை குறைந்துவிடுவதில்லை. வெப்பமும் ஈரமும் சேரச் சேர அது முற்றத்தான் செய்கிறது.

"நன்றாகத்தானே ஓடுகிறது?"

பிரேக் சம்பந்தமான கடிதம் வந்தால் நம்மில் பலரும் சொல்லும் பதில் இது. "நேற்றுகூட பட்டணம் போய் வந்தேனே, பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது?" என்பார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு டன் அளவு எடையுள்ள வண்டியை நம் காலின் பலம் மட்டும் நிறுத்திவிடாது. பெடலுக்கு நேர் எதிரே, பானட்டுக்குள் வட்டமான ஒரு டப்பா இருக்கும். அதன் பெயர் பூஸ்டர். காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடத்தின் பலத்தால் அது நம் காலின் அழுத்தத்தைப் பல மடங்கு பெருக்கித் தருகிறது. பெட்ரோல் எஞ்சின் ஓடும்போதே அந்த வெற்றிடம் உண்டாகும். டீசல் எஞ்சினில் அப்படி உண்டாவதில்லை. ஆகவே அதற்கென்று தனி பம்ப் வைத்திருப்பார்கள். பூஸ்டரை ஒட்டினாற்போல் மாஸ்டர் சிலிண்டர். அது பிரேக் எண்ணெயை நான்கு சக்கரங்களுக்கும் தள்ளுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் வண்டி நிற்காது. அல்லது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும்.

இப்போது இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைப் பாருங்கள். இரண்டும் வட அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளுக்கு நேர்ந்தவை.

2016-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம், 2013, 2014 மாடல் எஃப்-150 பிக்கப்புகளில் ஒரு வகையை, ஏறக்குறைய 2,71,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் எண்ணெய் கசிந்து பூஸ்டருக்குள் போய்விடக் கூடும் என்பதே காரணம். கசிந்த எண்ணெய் தரையில் சொட்டாது. வண்டி நின்ற இடத்தில் ஓர் அடையாளமும் இராது. "கீழே ஈரமே இல்லையே" என்று நாம் நிம்மதியாக இருப்போம். டப்பாவுக்குள் எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும்.

2019-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 2014 முதல் 2018 வரையிலான பிக்கப்புகளையும் பெரிய குடும்ப வண்டிகளையும், 34 லட்சத்துக்கும் மேல், திரும்ப அழைத்தது. பூஸ்டருக்கு வெற்றிடம் உண்டாக்கும் பம்ப், ஓட ஓட வலுக் குறைந்து போனது. பெடல் கல் போல் இறுகியது. வண்டி நிற்க வேண்டிய தூரம் நீண்டது.

இந்த வண்டிகளை நம் ஊர்ச் சாலையில் அபூர்வமாகத்தான் காண முடியும். ஆனால் நம் பிக்கப்புகளிலும் இருப்பது அதே பூஸ்டர்தான், அதே மாஸ்டர் சிலிண்டர்தான். இரண்டு நிகழ்ச்சிகளிலும் உள்ள பாடம் ஒன்று. குறை ஒரே நாளில் வெளிப்படவில்லை. நேற்று நன்றாகப் பிடித்த பிரேக் இன்றும் கொஞ்சம் பிடிக்கும். நாளை இறக்கத்தில், முழுப் பாரத்தோடு, முன்னால் ஒரு பள்ளிப் பேருந்து நிற்கும்போதுதான் விடும். ஆகவே "நன்றாகத்தானே ஓடுகிறது" என்பது பதிலாகாது.

கடிதம் ஏன் நம்மைத் தேடி வருவதில்லை?

நிறுவனம் கடிதம் அனுப்புவது தன்னிடம் உள்ள பெயருக்கும் முகவரிக்கும். வண்டியோ மூன்று கை மாறியிருக்கும். முதலில் வாங்கியவர் கோலாலம்பூரில் இருப்பார். வண்டி சுங்கை சிப்புட்டில் ஓடும். பெயர் மாற்றாமல் வாய்ப்பேச்சில் வாங்கியவர்கள், 'சம்போங் பாயார்' என்று இன்னொருவர் பெயரில் தவணை கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு வர வேண்டிய எச்சரிக்கை வேறொருவர் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சேரும். பெயர் மாற்றத்தை முறைப்படி ஜே.பி.ஜே.யில் செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நினைவில் வையுங்கள்: திரும்ப அழைப்பு வண்டியைச் சேர்ந்தது, வாங்கியவரைச் சேர்ந்தது அன்று. நீங்கள் மூன்றாவது உரிமையாளர் ஆனாலும் ஐந்தாவது உரிமையாளர் ஆனாலும், கடிதம் உங்கள் கைக்கு வராவிட்டாலும் விசாரிக்கலாம். அதற்குத் தேவையானது ஒரே ஓர் எண்.

அதுதான் சேசிஸ் நம்பர். 'கெரான்' என்று நாம் சொல்லும் வண்டிப் பதிவுச் சான்றிதழில் அது இருக்கும். வண்டியிலும் பொறித்திருப்பார்கள், இடம் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலான வண்டிகளில் அது எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்கம். அந்த 17-இல் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வருவதில்லை. ஆகவே 'ஓ' போலத் தெரிவது பூஜ்யம். 'ஐ' போலத் தெரிவது ஒன்று. ஓர் எழுத்துத் தவறினாலும் வேறு வண்டியின் விவரம் வந்துவிடும். படித்த பிள்ளையை விட்டு ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து எழுதச் சொல்லுங்கள்.

பிறகு அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ சேவை நிலையத்துக்குப் போன் செய்து, எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பல நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்திலேயே எண்ணைப் போட்டுப் பார்க்க வசதி வைத்திருக்கின்றன. பத்து நிமிட வேலை. காசு செலவில்லை.

போன் செய்யும்போது கேட்க வேண்டியவை

ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் சம்பாத்தியம் போயிற்று. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

"என் வண்டி இந்த அழைப்பில் சேர்ந்ததா? மாற்ற வேண்டிய சாமான் கையிருப்பில் உள்ளதா? எவ்வளவு நேரம் ஆகும்? காத்திருந்து வாங்கிப் போகலாமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா, கூடாதா?" இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். "ஓட்ட வேண்டாம்" என்று சொன்னால் ஓட்டவே கூடாது. வண்டியை இழுத்துக் கொண்டு போக நிறுவனமே ஏற்பாடு செய்யுமா என்று கேளுங்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. சாமான் இல்லை என்றால், எப்போது வரும் என்பதையும், பேசியவர் பெயரையும், தேதியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்குப் போனதும் சிலருக்கு ஒரு குழப்பம் வரும். "இலவசம் என்றார்களே, இப்போது முன்னூறு வெள்ளி கேட்கிறார்களே" என்பார்கள். திரும்ப அழைப்பில் சொல்லப்பட்ட பாகம் மட்டுமே இலவசம். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால், ரப்பர் குழாய் வெடித்திருந்தால், அது நம் செலவு. எது அழைப்பைச் சேர்ந்தது, எது சேராதது என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததற்கான தாளை வாங்கிக் கெரானோடு சேர்த்து வையுங்கள். நாளை வண்டியை விற்கும்போது, அந்தத் தாள் உங்கள் நாணயத்துக்குச் சாட்சி.

தள்ளிப் போடுவது மட்டும் வேண்டாம். அமெரிக்காவில்கூட, இலவசமாகச் சரிசெய்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் வண்டி முதலில் விற்கப்பட்டதிலிருந்து 15 ஆண்டுகள் வரைதான். அதற்கு முன் அது 10 ஆண்டாக இருந்தது. 2015-இல் இயற்றப்பட்ட சட்டந்தான் அதை நீட்டியது. சாமான்கள் செய்வது நின்று போவதற்கு முன், காலத்தில் போய்ச் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

அதுவரை என்ன செய்வது?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். பிரேக்கும் மணியடித்துவிட்டுத்தான் விடுகிறது. பெடல் வழக்கத்துக்கு மாறாக இறுகினால் பூஸ்டரில் கோளாறு இருக்கலாம். பெடல் மெத்தென்று தரைவரை இறங்கினால் எண்ணெய் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று சந்தேகிக்க வேண்டும். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு சக்கரத்தின் பிரேக்கில் தவறு இருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணையுங்கள். பெடலை நாலைந்து முறை மிதித்தால் அது இறுகும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினை முடுக்குங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்கவே இல்லை என்றால், அன்றைக்கே ஒர்க்ஷாப்புக்குச் சொல்லுங்கள். ஆனால் இந்தச் சோதனையில் வண்டி தேறிவிட்டது என்பதற்காகத் திரும்ப அழைப்பைக் கைவிட்டுவிடாதீர்கள்.

காலையில் வண்டி எடுக்குமுன் பானட்டைத் திறந்து பிரேக் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். நேற்றைவிட இன்று குறைந்திருந்தால், ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள். போன எண்ணெய் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஃபோர்டு வண்டிகளின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டீசலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது; சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவது. இதைவிட ஆபத்தான சிக்கனம் இல்லை. எஞ்சின் நின்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே மீதம் இருக்கும். அதற்குப் பிறகு பெடல் கல்தான். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போய்க் காய்கறி ஏற்றி வருகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பாதி வேலையை எஞ்சின் செய்யட்டும்.

பழுது பார்க்கும் நாள் வரும்வரை பாரத்தைப் பாதியாக்குங்கள். முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே இரட்டிப்பு இடைவெளி விடுங்கள். பின்தட்டில் ஆள் ஏற்றுவது எப்போதுமே ஆபத்து. இந்த நாட்களில் பிள்ளைகளை முன்னாலும் ஏற்ற வேண்டாம். ஓடும்போதே பெடல் விட்டுவிட்டால் பதறாதீர்கள். எஞ்சினை அணைக்காதீர்கள். பெடல் இறுகியிருந்தால் இரண்டு காலாலும் பலங்கொண்ட மட்டும் அழுத்துங்கள். பெடல் கீழே போய்விட்டால் விடுவிடென்று பலமுறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிரேக்கை ஒரேயடியாக வெடுக்கென்று இழுக்காமல் சிறிது சிறிதாக இழுங்கள்.

கடிதத்துக்குள் அடங்காத வேலை

திரும்ப அழைப்பு ஒரு பாகத்தை மட்டும் புதிதாக்கும். மற்ற பாகங்களின் வயது அப்படியேதான் இருக்கும். முக்கியமாகப் பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. 'டாட் 3' என்று டப்பாவில் போட்டிருக்கும் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்தத் தாங்கும் அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது எண்ணெய் கொதித்தால், குழாயில் ஆவி நிரம்பும். பெடல் வெறுமனே இறங்கும். நம்முடையது மழையும் புழுக்கமும் நிறைந்த நாடு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது எண்ணெயை முழுவதும் மாற்றிவிடுங்கள். 'ஹாஃப் கட்' கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று, இன்னொரு வண்டியில் ஓடித் தேய்ந்த பிரேக் சாமானை மட்டும் வாங்கி மாட்டாதீர்கள். கதவு வாங்குங்கள், கண்ணாடி வாங்குங்கள், பிரேக் வேண்டாம்.

நியாயம் கிடைக்காவிட்டால்?

சேவை நிலையம் அலைக்கழித்தால் அங்கேயே சண்டை போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம். குடும்ப உபயோகத்துக்கு வாங்கிய பொருள் சம்பந்தமாக நஷ்டம் ஏற்பட்டால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி; வக்கீல் வைக்கத் தேவையில்லை. நோட்டில் எழுதி வைத்த தேதியும் பெயரும் அப்போதுதான் கைகொடுக்கும்.

சகோதரிகளே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியை ஓட்டுவது அவராக இருக்கலாம். வீட்டுக் காகிதங்களைப் பாதுகாப்பது பெரும்பாலும் நீங்கள்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை, கெரானை எடுத்து அந்த 17 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். "திங்கட்கிழமை ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். "வேலை கிடக்கிறது" என்பார். நீங்களே போன் போட்டுவிடுங்கள். அந்த எண்ணைச் சொல்வதற்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.